மூசைக்குப் பக்கத்தில் ஒரு மேஜர்

அன்றைக்கு அந்தப் பின்னறையில் நின்றவர்களை முதலே எண்ணிச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு கதை வரக்கூடாது. நகை செய்கிற பத்தர் அண்ணை, தன் மேசைக்குப் பின்னால். என் மனிசி, மேசைக்கு முன்னால், கோட்டைக்கூடக் கழற்றாமல். அஜக்ஸிலிருந்து ஓடிவந்த மச்சான், அதாவது என் தங்கச்சியின் புருசன், கதவோடு. நான், மூச்சு வாங்கிக்கொண்டு. என்னோடு சேர்த்து நாலு பேர். ஐந்தாவது ஆள் என் சூப்பர்வைசர். அவர் என் போனுக்குள்ளே நின்றார். கடையின் முன்பக்கத்தில் தோடு பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்பிள்ளைகளை நான் சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

சங்கதி இதுதான். தங்கச்சிக்குக் கலியாணமாகி ஒன்பதாவது வருசம் ஒரு பெண்குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பு, அதாவது தீட்டுக் கழிக்கிற சடங்கு, வியாழக்கிழமை வந்தது. எங்கள் வீடுகளில் அன்றைக்குத் தாய்மாமன் குழந்தையின் காலுக்கு வெள்ளிச் சங்கிலி போடுவது வழக்கம். நான்தான் ஒரே தாய்மாமன். அந்த மாதம் பார்த்து எங்கள் வெயர்ஹவுஸில் எல்லாருடைய மணித்தியாலங்களையும் குறைத்திருந்தார்கள். வெள்ளி விலையோ ஏறிப்போய் நின்றது. வாடகைக்கு எடுத்துவைத்த காசில் கைவைக்கலாமா என்று நினைத்து நினைத்து எனக்கு நித்திரையே போய்விட்டது. நான் அப்படித்தான். மழை வருமுன்னமே வீடு ஒழுகுதா என்று பார்க்கிற ஆள்.

பத்தரிடம் பழைய வெள்ளியைக் கொடுத்தால் அதை உருக்கிச் செய்துதருவார், செய்கூலி மட்டும் கட்டினால் போதும். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குக் கிட்ட ஒரு சேர்ச் மண்டபத்தில் அந்தச் சனிக்கிழமை பழைய சாமான் விற்பனை நடந்தது. மூலையில் ஒரு துணிப்பை. உள்ளே கறுத்துப்போன கரண்டிகள் பதினொன்று, சீனிக்கட்டி எடுக்கிற இடுக்கி ஒன்று, மேலே கொழுவி வைத்த வட்டச் சாமான்கள் நாலு. நாற்பது டொலர் என்றார்கள். இதைவிட மலிவாக வெள்ளி எங்கே கிடைக்கும்? வட்டச் சாமான்கள் மூன்றில் யாரோ ஒரு பெண்ணின் தலை இருந்தது. பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் கொடுக்கிற சாமானாக இருக்கும் என்று நினைத்தேன். நான் எட்டாம் வகுப்போடு விட்டவன், அப்படி ஒன்றும் வாங்கியதில்லை.

அன்று பின்னேரமே மில்லிக்கனில் பத்தர் அண்ணையின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கமுதல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்துவைத்தேன். அண்ணை களவு எடுக்கிற மனிசன் இல்லை. ஆனாலும் நான் காரை நிறுத்தினால்கூடப் படம் எடுத்துவைக்கிற ஆள். என் போனில் பூட்டிய கதவுகளின் படம் மட்டும் இருநூறு இருக்கும். மனிசி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு அறையில், அந்தப் படத்தை விரித்து விரித்துக் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரர், அறுபது வயதிருக்கும், பழைய காசுகளும் பட்டாளத்துச் சாமான்களும் சேர்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் போனைத் தன் கையில் எடுத்தார். இரண்டு விரலால் பெருப்பித்தார். வாயிலிருந்த சான்ட்விச்சை மெல்லுவதை நிற்பாட்டிவிட்டார்.

இது ஓட்டப்போட்டிச் சாமான் இல்லை என்றார். ஒன்று ரஷ்யாக் கரையில் கிரிமியா என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் பிரிட்டிஷ் மகாராணி கொடுத்த பதக்கம். மற்றது இந்தியாவில் சிப்பாய்கள் எழும்பிய சண்டைக்கு. மூன்றாவது இங்கே, கனடாவிலேயே. நாலும் ஒரு ஆளின் நெஞ்சில் இருந்ததென்றால் அது பெரிய சங்கதி என்றார். பதக்கத்தின் விளிம்பில் பேர் வெட்டியிருக்கும், பார்த்தாயா என்று கேட்டார். பிறகுதான், எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

உருக்கக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லுவது? எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் சான்ட்விச்சை மேசையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். "போ" என்றார். "இப்பவே போ."

பத்தர் அண்ணைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. நெருப்புக்கு முன்னால் இருந்தால் அவர் போன் எடுக்கமாட்டார். இது எல்லாருக்கும் தெரியும். போன் எடுக்கவில்லை என்றால் நெருப்பு எரியுது என்று அர்த்தம். மனிசிக்கு அடித்தேன், அவள் அன்றைக்கு வீட்டில். கென்னடி வீதியில் வடக்கே போகிற பஸ்ஸில் உடனே ஏறு, பத்தரின் அடுப்பை நிற்பாட்டு, காரணம் பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபது வருசத்தில் அதுதான் முதல்தரம். பிறகு அஜக்ஸுக்கு அடித்தேன். மச்சான் பின்னேர வேலைக்காரன், அந்த நேரம் வீட்டில் இருப்பான். சங்கிலிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அவனும் நாலு-சூனியம்-ஒன்று நெடுஞ்சாலையில் விட்டான் காரை.

நான் போன வழி எனக்கு ஞாபகமில்லை. ஒவ்வொரு சிவப்பு லைட்டிலும் என் காசு உருகி ஓடுவது மாதிரி இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், காசைவிட, அந்த விளிம்பில் யாருடைய பேர் இருக்குது என்ற யோசனைதான் பிடித்து ஆட்டியது. யாரோ ஒருவனின் பேரை நான் நாற்பது டொலருக்கு வாங்கி நெருப்பில் போடக் கொடுத்திருக்கிறேன்.

நான் பின்னறைக்குள் போனபோது மனிசி மேசைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள், கோழிக்குஞ்சுகளை மறிக்கிற மாதிரி. பத்தர் அண்ணையின் கையில் காஸ் டோர்ச், அணைத்தபடி. வெள்ளி உருக்குகிற மண்கிண்ணம், மூசை என்பார்கள், அது இன்னும் சிவந்துபோய் இருந்தது.

"தம்பி, உம்மட மனிசிக்கு என்ன நடந்தது?" என்று பத்தர் கேட்டார். "வந்தா. 'அண்ணை, அடுப்பை நிப்பாட்டுங்கோ' எண்டா. பேந்து ஒரு கதையும் இல்லை. அஞ்சு நிமிசமா உப்பிடியே நிக்கிறா."

"ஏன் எண்டு எனக்கும் தெரியாது அண்ணை" என்றாள் மனிசி. "உவர் சொன்னவர், நான் நிக்கிறன்."

மேசையில் கரண்டிகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. அவை ஒன்றும் வெள்ளியே இல்லையாம். வேறு உலோகத்துக்கு மேலே வெள்ளிப் பூச்சாம். இடுக்கியும் அப்படித்தான். பத்தர் உரைத்துப் பார்த்து ஒதுக்கிவிட்டார். பையில் இருந்ததிலேயே நல்ல வெள்ளி அந்த வட்டச் சாமான்கள்தானாம். அவர் அதைச் சொன்னது எனக்குச் சந்தோசமான செய்தி சொல்லுகிற குரலில். மூசைக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியில் அவை வரிசையாக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் சூப்பர்வைசருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசையில் சாய்த்து வைத்தேன். முதல் கேள்வியே, நாலாவது எங்கே என்றார்.

பத்தர் மெல்ல மேசையின் மறுகரையைப் பார்த்தார். அங்கே இரும்பு அச்சில் ஒரு சின்ன வெள்ளிக்கட்டி, விரலளவு, இன்னும் சூடு ஆறாமல்.

"அதில பீரங்கி ஒண்டு இருந்தது" என்றார் பத்தர். "கொடியளும். பின்பக்கம் அரபு எழுத்து மாதிரி. ஆரின்ரயோ கிளப் சாமான் எண்டு நினைச்சன்."

படத்தை வைத்துச் சூப்பர்வைசர் சொன்னார். அது அதே கிரிமியாச் சண்டைக்குத் துருக்கி சுல்தான் கொடுத்தது. அங்கே போன எல்லாருக்கும் கொடுத்தவர்கள், அதில் அனேகமாகப் பேரும் இருக்காது, நாலில் ஒன்று போகவேண்டுமென்றால் அது போனது பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விட்டார். எல்லாருக்கும் கேட்டது.

பிறகு பத்தர் தன் கண்ணில் பெருப்பித்துக் காட்டுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடியை வைத்துக்கொண்டு முதலாவது பதக்கத்தின் விளிம்பை லைட்டுக்குக் காட்டித் திருப்பினார். அது வெள்ளியா என்று பார்க்க அவர் சனிக்கிழமை ஒரு இடத்தில் அரத்தால் உரசியிருக்கிறார். முதல் எழுத்து போய்விட்டது. மிச்சத்தை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மச்சான் மேசையில் கிடந்த ஒரு கடதாசியில் எழுத, போனுக்குள் இருந்தவர் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, நான் என்ன செய்வதென்று தெரியாமல் மனிசியின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேருக்கு முன்னால் லெப்டினன்ட் என்று இருந்தது.

இரண்டாவதை எடுத்தார். அதே பேர். இந்தமுறை முதல் எழுத்தும் இருந்தது. முன்னால் கப்டன்.

மூன்றாவதை எடுக்கும்போது எங்கள் நாலு தலையும் ஒரு லைட்டுக்குக் கீழே முட்டிக்கொண்டன. அதே பேர். "மேஜர்" என்றார் பத்தர். அவருடைய குரலும் மாறிப்போய்விட்டது. "உவன் ஏறிக்கொண்டு போயிருக்கிறான் தம்பி."

ஒரு மனிசனின் உத்தியோகம் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் ஒரு கடதாசியில் கிடந்தது. மேலே கொழுவியோடு இருந்த வெள்ளிப் பட்டிகளில் சண்டை நடந்த ஊர்களின் பேரும் இருந்தன. நான் அவற்றை இலை வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன். முதலாவதில் இரண்டு: இன்கர்மான், செவஸ்தபோல். இரண்டாவதில் லக்னோ. மூன்றாவதில் ஃபீனியன் ரெய்ட். அது என்னவென்று சூப்பர்வைசர் சொன்னார். அமெரிக்காவிலிருந்த ஐரிஷ்காரர் ஒரு கூட்டம், அயர்லாந்தைப் பிரிட்டிஷிடமிருந்து மீட்கவேண்டும் என்று ஆயுதத்தோடு நயாகராப் பக்கம் ஆற்றைக் கடந்து கனடாவுக்குள் வந்தவர்களாம். அவர்களைத் துரத்தப் போனதுக்குத்தான் இது. நயாகரா! போன கோடையில் நாங்கள் இட்லி கட்டிக்கொண்டு போன இடம்.

மச்சான் லக்னோ என்ற பேரிலேயே நின்றுகொண்டான்.

"அப்ப உவன் இந்தியாவில சனத்தைச் சுட்டவன்" என்றான். "இஞ்சை தங்கட நாட்டுக்காகச் சண்டை பிடிச்ச ஐரிஷ்காரனையும் துரத்தினவன். அண்ணை, டோர்ச்சைப் பத்தவையுங்கோ. என்ர பிள்ளையின்ர காலில கிடக்கட்டும். உவருக்கு அதுதான் சரி."

"உனக்கு இந்தியாக்காரரில எப்ப இருந்து இவ்வளவு பாசம்?" என்று பத்தர் கேட்டார். "போன கிழமை கிரிக்கெட் பாத்துக்கொண்டு என்ன சொன்னனி?"

மனிசி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மச்சான் சொன்னது பிழையில்லை. பிழையில்லை என்று எனக்கே பட்டது. வியாழக்கிழமைக்கு மூன்று நாள்தான். மூசை இன்னும் சூடு. இந்த மூன்றையும் போட்டால் சங்கிலி முடிந்துவிடும், வெள்ளிக்குக் கடனில்லை, என் பயமும் தீர்ந்துவிடும். ஒரு சொல் சொன்னால் போதும்.

அப்போதுதான் போனுக்குள்ளிருந்து அந்த மனிசன் இன்னொன்று சொன்னார். கனடாப் பதக்கம் சண்டை முடிந்த உடனே கொடுத்தது இல்லையாம். முப்பது வருசத்துக்கு மேல் கழித்துத்தான் கொடுத்தார்களாம், அதுவும் உயிரோடிருந்தவர்கள் தாங்களே விண்ணப்பம் போட்டால்தான். நான் இன்ன நாள் இன்ன இடத்தில் நின்றேன் என்று எழுதிக்கொடுக்கவேண்டுமாம்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணைக்கு நான் எழுதிக்கொடுத்தது அப்படியே அதுதான். எந்த மாதம் எந்த ஊரில் நின்றாய், அதற்கு என்ன ஆதாரம். எத்தனை இரவு ஒரு மாதத்தைத் தேடிக்கொண்டு கிடந்தேன். மேஜராக இருந்து, வயதுபோன பிறகு, அந்தாளும் ஒரு மேசையில் இருந்து, ஐயா நான் அங்கே நின்றனான் என்று எழுதியிருக்கிறார். சுட்டவர்தான். ஆனால் அந்தாள் நின்றார் என்பதற்கு இருக்கிற ஆதாரத்தை நான் உருக்கமாட்டேன். அவர் அங்கே நிற்கவே இல்லை என்று ஆகிவிட்டால், சுட்டதும் இல்லை என்று ஆகிவிடுமே. இதை அவ்வளவு வடிவாக அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணை, மூண்டையும் தாங்கோ. சங்கிலிக்குப் புது வெள்ளி போடுங்கோ."

"காசு?" என்றார் பத்தர்.

சுல்தானின் வெள்ளி ஒரு காலுக்குக் காணும், மற்றக் காலுக்குத் தன்னுடைய வெள்ளி போடவேண்டும், அது தொண்ணூறு, செய்கூலி எண்பது, எல்லாமாக நூற்றெழுபது என்று கணக்குச் சொன்னார். என்னிடம் அன்றைக்கு இருந்தது நாற்பத்தைந்து. மச்சான் உடனே பர்ஸை எடுத்தான். நல்ல பெடியன். மனிசி அவனுடைய கையைத் தட்டிவிட்டாள்.

"தாய்மாமன் போடுற சங்கிலிக்குத் தகப்பன் காசு குடுக்கிறதோ? வைச்சிருங்கோ அதை."

ஒரு பதக்கத்தை ஈடாக வைத்திருங்கோ அண்ணை என்று நான் கேட்டேன். அவர் அந்த மூன்றையும் கடதாசியோடு சுருட்டி என் கையில் வைத்தார். "பட்டாளத்தானை வீட்டை கொண்டுபோம். எனக்குக் காசைத் தாரும், இருக்கேக்க" என்று அந்த நாற்பத்தைந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அஜக்ஸில் நான்தான் சங்கிலி போட்டேன். குழந்தை காலை உதைத்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கொக்கி மாட்ட வரவில்லை, தங்கச்சி உதவி செய்தாள். எந்தக் காலில் சுல்தான் என்று மச்சான் என் காதுக்குள் கேட்டான். பத்தருக்கும் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்திருந்த அன்ரிமார் சங்கிலியைத் தூக்கிப் பார்த்து நல்ல பாரம் என்றார்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்த பைத்தியத்தைச் சொல்லவேண்டும். முதலில் சேர்ச் மண்டபத்துக்குப் போய்ச் சொன்னேன். இப்படி இப்படிச் சாமான், உரித்தாளி யாரும் தேடினால் இது என் நம்பர் என்று. நாளைக்கு யாராவது வந்து கள்ளன் என்றால்? அந்தாளின் பேரை இதில் எழுதாமல் விட்டதும் அந்தப் பயத்தில்தான். அந்தப் பை ஒரு வீட்டை ஒதுக்கியபோது வந்த பெட்டிகளில் ஒன்று, யாருடைய வீடென்று தெரியாது என்றார்கள். இதுவரைக்கும் ஒருவரும் போன் அடிக்கவில்லை.

பிறகு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். வேலை இல்லாத பின்னேரங்களில், கம்ப்யூட்டருக்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்ட நான். பழைய பட்டாளப் பட்டியல்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் வாசிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். மூன்றாவது கிழமை அந்தப் பேர் வந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த சீன மனிசி பயந்துபோய்த் தன் பையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்குவார்களாம், வீடு வாங்குகிற மாதிரி. இன்ன பதவிக்கு இன்ன விலை. ஆனால் இவருடைய பேருக்குப் பக்கத்தில், கப்டன் ஆன இடத்தில், காசு கட்டாமல் என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். மேலே இருந்தவன் செத்தால் கீழே இருப்பவன் காசில்லாமல் ஏறலாம், அப்படி யாராவது போயிருப்பார்கள் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அன்று முழுக்க அந்தச் செத்தவனையும் யோசித்துக்கொண்டு பெட்டிகளை அடுக்கினேன்.

இப்போது நானும் அவரும் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். மேஜர் கடைசியில் எந்த ஊரில் இருந்தார், எந்தச் சுடலையில் கிடக்கிறார் என்று தேடுகிறோம். ஒன்ராறியோவுக்குள்தான் என்று அவர் அடித்துச் சொல்லுகிறார். கோடைக்கு இரண்டு ஊர்கள் குறித்து வைத்திருக்கிறோம். பதக்கங்களை ஏலத்துக்குக் கொடுத்தால் நல்ல விலை போகும் என்றும் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு நித்திரை வராது. அரம் உரசிய இடத்துக்கு எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டேன், அதற்கே அவர் சிரித்தார்.

மனிசி அவற்றை அலுமாரியில், எங்கள் பாஸ்போர்ட்டுகளும் அந்த விசாரணைக் கடதாசிகளும் இருக்கிற இழுப்பு லாச்சியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். போன கிழமை புளி போட்டு மினுக்கட்டா என்று கேட்டாள். வேண்டாம், கறுப்பாகவே இருக்கட்டும், சேர்க்கிறவர்களுக்கு அதுதான் விருப்பமாம் என்றேன். பூட்டிய லாச்சியைப் படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்தர் அண்ணையிடம் சம்பளத்தோடு சம்பளமாக இரண்டு தரம் போய் இருபது இருபதாகக் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் அவர் காசை எண்ணமுதல், "மேஜர் என்னவாம்?" என்று கேட்கிறார். நானும் புதிதாகக் கண்டுபிடித்ததைச் சொல்லுகிறேன். அவர் கண்ணிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கிறார். பிறகு கணக்குக் கொப்பியை எடுத்துக் கழித்து எழுதுகிறார். இன்னும் கொடுக்கவேண்டியது எண்பத்தைந்து டொலர்.